லேட் பாஸுக்கு ஏலம்: ஒரு மகளிர் விடுதியின் பாயிண்ட் கணக்கு

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டி ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரி. அதன் மகளிர் விடுதிதான் இந்த ஆய்வின் களம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்பில் விவாதிப்பதற்காகப் பல விடுதிகளின் வழக்கங்களைச் சேர்த்து அமைத்த நிகழ்வு இது. விடுதியின் எண்கள் கணக்குப் போட வசதியாக வைத்தவை. வெளியிலிருந்து கொண்டுவரும் உதாரணங்கள் மட்டும் நிஜமாக நடந்தவை.

எது போதவில்லை

மாணவிகள் 400 பேர். வாஷிங் மெஷின் 6. அதில் ஓடுவது பெரும்பாலும் 4. ஏ.சி. போட்ட ஸ்டடி ஹாலில் 60 நாற்காலி. இரண்டு பேர் தங்கும் அறைகள் 30, மற்றதெல்லாம் நான்கு பேர் அறை. இரவு 8 மணிக்கு கேட் மூடப்படும். 10.30 வரை வெளியே இருக்க வேண்டுமானால் லேட் பாஸ் வேண்டும். ஒரு நாளைக்கு 25 பாஸ்தான். ஏன் 25? இரவில் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிச் சரிபார்க்க ஒருவர்தான் இருக்கிறார், அதற்கு மேல் அவரால் சமாளிக்க முடியாது என்பது அலுவலகத்தின் பதில். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

இதுவரை எல்லாம் முந்தி வருபவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கே மெஷின் அறை வாசலில் பக்கெட்டுகள் வரிசை கட்டும். பக்கெட் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். ஸ்டடி ஹாலில் அதே வேலையை ரெக்கார்ட் நோட்டும் தண்ணீர் பாட்டிலும் செய்தன. லேட் பாஸ் இன்னொரு வகை. அது வார்டன் மேடத்தின் மனநிலையைப் பொறுத்தது. "மேம் சாப்டாங்களா, இப்ப போய்க் கேக்கலாமா?" என்று அலுவலக வாசலில் விசாரித்துவிட்டு உள்ளே போவார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவளுக்குக் கிடைக்கும், தயங்கி நிற்பவளுக்குக் கிடைக்காது.

மேலாண்மைத் துறையில் பொருளாதாரம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் விடுதிக் குழுவில் இருந்தார். வரிசையில் நிற்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைத் தூக்கமாகக் கொடுக்கிறார்கள், கொடுத்தது யாருக்கும் போய்ச் சேராமல் வீணாகிறது என்பது அவருடைய வாதம். பணத்தை வைத்துப் பிரித்தால் வசதியானவர்களே எல்லாவற்றையும் எடுப்பார்கள். அதனால் எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கும் ஒரு விடுதி நாணயம் வேண்டும் என்றார். பாயிண்ட் வந்தது இப்படித்தான்.

ஏற்பாடு

செமஸ்டர் தொடக்கத்தில் ஆளுக்கு 100 பாயிண்ட். சனிக்கிழமை இரவு 9 மணிக்குள், வரும் வாரத்துக்கு எது வேண்டும், எத்தனை பாயிண்ட் தருவீர்கள் என்று கூகுள் படிவத்தில் நிரப்ப வேண்டும். மற்றவர் கேட்டது தெரியாது. வெள்ளிக்கிழமை லேட் பாஸுக்கு 80 பேர் கேட்டால், மேலிருந்து 25 பேருக்குக் கிடைக்கும். ஆனால் அந்த 25 பேரும் தாங்கள் எழுதிய தொகையைக் கொடுப்பதில்லை. 26-ஆவதாக வந்து தோற்றவர் எழுதிய தொகையைத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். 'அதிகமாக எழுதி ஏமாந்துவிடுவோமோ' என்ற பயம் இதனால் போகும். பாயிண்ட்டைப் பிறருக்கு மாற்ற முடியாது. சேர்த்து வைக்கலாம், செமஸ்டர் முடிந்தால் காலாவதி.

மாணவிகளுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. பாதிப் பேர் வீட்டில் அம்மா சீட்டுப் பிடிக்கிறார். அவசரம் உள்ளவர் ஒரு தொகையைத் தள்ளி எடுப்பார், அந்தத் தள்ளிய தொகையில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் பங்குதான் கசர். ஏலச் சீட்டின் இந்த ஒழுங்கு பத்தாவது படிக்கும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். ஆனால் விடுதி ஏலத்தில் கசர் இல்லை. வென்றவர் கொடுத்த பாயிண்ட் அலுவலகத்தின் எக்செல் தாளில் மறைந்துபோனது. முதல் நாளே ஒரு மாணவி, "அப்ப அந்தப் பாயிண்ட் யாருக்குப் போகும் மேம்?" என்று கேட்டாள். யாருக்கும் போகாது என்று பதில் வந்தது. அந்தக் கேள்வியிலேயே நின்றிருந்தால் பிற்பாடு வந்த குளறுபடியில் பாதி வந்திருக்காது.

முதல் மாதம்

துணி துவைக்கும் விஷயத்தில் பாயிண்ட் உடனே வேலை செய்தது. ஞாயிறு காலைக்கு விலை ஏறியது. செவ்வாய் மதியத்துக்குப் பூஜ்யம். இரண்டே வாரத்தில் பக்கெட் வரிசை கலைந்தது. புதன்கிழமை மதியம் வகுப்பு இல்லாத துறையின் பெண்கள் அன்றைக்கு மாறிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. விலைக்கு இந்த ஒரு வேலை நன்றாகத் தெரியும்: நேரத்தை மாற்றிக்கொள்ள முடிகிறவர்களை மாற்ற வைக்கும்.

'மாற்ற முடியாது' என்ற விதியும் எதிர்பார்த்த இடத்தில்தான் உடைந்தது. லேட் பாஸில் பெயரும் போட்டோவும் இருப்பதால் அதை விற்க வழியில்லை. வாஷிங் ஸ்லாட்டில் யார் பக்கெட்டோடு வந்தாலும் யாரும் கேட்பதில்லை. "அக்கா, உங்க பாயிண்ட்ல எனக்கு ஒரு சன்டே ஸ்லாட் எடுத்துக் குடுங்க, உங்க ரெக்கார்ட்ல டயக்ராம் எல்லாம் நான் வரைஞ்சு தரேன்" என்று பேரம் நடந்தது. சிலர் ஜி-பேயில் பணமாகவே கொடுத்தார்கள். குழு இதைக் கண்டும் காணாமல் இருந்தது. என்னைக் கேட்டால், அது சரியான முடிவு. துவைக்கும் ஸ்லாட்டில் நடக்கும் பண்டமாற்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஸ்டடி ஹாலில்தான் முதல் கோணல். செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது தேவைப்படும் என்று பெரும்பாலோர் பாயிண்ட்டைப் பூட்டி வைத்தார்கள். அதனால் முதல் வாரங்களில், துவைக்கும் ஸ்லாட்டைத் தவிர மற்ற ஏலத்துக்கே ஆள் இல்லை. லேட் பாஸ் ஒன்றிரண்டு பாயிண்ட்டுக்குப் போனது, நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

இதே நோய் 1970-களில் வாஷிங்டனின் கேப்பிடல் ஹில் பகுதியில் வந்திருக்கிறது. சுமார் 150 தம்பதிகள் சேர்ந்து, ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்ளும் கூட்டுறவு ஒன்றை நடத்தினார்கள். அரைமணி நேரத்துக்கு ஒரு கூப்பன். எல்லோரும் பிற்காலத்துக்கென்று கூப்பனைச் சேர்த்து வைக்க, வெளியே போவார் இல்லை, அதனால் கூப்பன் சம்பாதிக்கவும் வழியில்லை. வெளியே போயே ஆக வேண்டும் என்று விதி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கூடுதல் கூப்பன் அச்சடித்தபோதுதான் சங்கம் உயிர்பெற்றது. அப்புறம் அளவுக்கு மீறி அச்சடித்து, எல்லோரும் வெளியே போக நினைக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் போனது. அங்கே உறுப்பினர்களாக இருந்த ஜோன், ரிச்சர்ட் ஸ்வீனி தம்பதி 1977-இல் ஒரு பொருளாதார இதழில் இதை எழுதினார்கள்.

விடுதியில் இந்த இரண்டாம் பாதியும் நடந்தது. காரணம்தான் வேறு.

ஆடிட்டோரியம் நிரம்பிய கதை

கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால் ஆடிட்டோரியத்தை நிரப்புவது எவ்வளவு பெரிய தலைவலி என்று கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வழக்கமாக ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப் பதிவு) கொடுத்து வகுப்போடு ஓட்டிக்கொண்டு போவார்கள். இரண்டாம் மாதம் யாருக்கோ யோசனை வந்தது: விடுதிப் பெண்களுக்கு ஆளுக்கு 15 பாயிண்ட் கொடுத்தால் என்ன?

250 பேர் வந்தார்கள். அரங்கம் நிறைந்தது, போட்டோ நன்றாக வந்தது. ஒரே மதியத்தில் 3,750 புதுப் பாயிண்ட் புழக்கத்துக்கு வந்தது. செமஸ்டர் தொடக்கத்தில் விடுதி முழுக்கக் கொடுத்ததே 40,000. அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்து ரத்ததான முகாம், என்.எஸ்.எஸ்., மரக்கன்று நடுதல், கோலப்போட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வந்தது. எதிர்ப்பக்கம் அபராதமும் வந்தது. ஐ.டி. கார்டு போடாவிட்டால் 5, மெஸ் தட்டை அறைக்கு எடுத்துப் போனால் 5, வருகைப் பதிவுக்குத் தாமதமாக வந்தால் 10. அலுவலகத்துக்கு இது பெரிய வசதி. ரொக்கமாக அபராதம் போட்டால் பெற்றோர் போன் செய்து கேட்பார்கள். பாயிண்ட்டுக்கு யார் போன் செய்வார்?

பற்றாக்குறையைப் பங்கிட வந்த நாணயம் அந்த வாரத்திலிருந்து சம்பளமாகவும் தண்டனையாகவும் மாறியது. என் கணிப்பில் இந்த நிகழ்வின் திருப்பம் இதுதான். வார்டன் அறைக் கூட்டங்களில் அடிக்கடி வந்த புகார், மாணவிகள் ஏலத்தில் கள்ளத்தனம் செய்கிறார்கள் என்பது. நாணயத்தைக் கெடுத்தது அவர்களல்ல, அச்சடித்தவர்கள்.

விளைவு மெதுவாகத் தெரிந்தது. ஆரம்பத்தில் எல்லோரிடமும் 100 இருந்ததால், 12 பாயிண்ட் கேட்டவளுக்கு 6 கேட்டவளைவிட அதிகத் தேவை என்று ஓரளவு நம்பலாம். இப்போது ஒருத்தியிடம் 190, இன்னொருத்தியிடம் 40. யாரிடம் 190? மதியத்தில் லேப் இல்லாத, மாலையில் எங்கும் போக வேண்டியிராத, விழாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு விளக்குத் தாங்கி நிற்க நேரமுள்ள பெண்ணிடம். யாரிடம் 40? அரியர் வைத்திருப்பவள், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து கணக்கோடு மல்லுக்கட்டுகிறவள், மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து மெஸ் பில் கட்டுகிறவள். ஸ்டடி ஹால் நாற்காலி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் ஏலத்தில் தோற்றார்கள். ஓய்வு நேரம் அதிகம் உள்ளவரே பணக்காரர் என்றானபின், 5 மணிக்குப் பக்கெட் வைத்த பழைய வரிசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு சுமை, ஒரே ஏலத்தொகை

நாணயத்தின் அளவு சரியாக இருந்திருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க வணிகப் பள்ளிகள் பல, விருப்பப் பாடங்களை (எலெக்டிவ்) இதேபோல் பாயிண்ட் ஏலத்தில் பங்கிட்டு வந்தன. தய்ஃபுன் சொன்மெஸ், உத்கு யுன்வெர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010-இல் வெளியான ஆய்வில் அதன் ஓட்டையைக் காட்டினார்கள். ஏலத்தில் எழுதும் எண் இரண்டு வேலைகளைச் செய்கிறது: எந்தப் பாடம் உனக்கு அதிகம் பிடிக்கும் என்பதை ஊகிக்கவும், யாருக்கு முன்னுரிமை என்று முடிவுசெய்யவும் அதே எண்ணைத்தான் பயன்படுத்துகிறார்கள். மிகவும் பிடித்த பாடத்துக்குப் போட்டி குறைவு என்று நினைப்பவர் அதற்குக் குறைவாக எழுதுவார். அதைப் பார்த்து 'இவருக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது' என்று கணினி முடிவு கட்டிவிடும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 2013-இல் தன் ஏல முறையைக் கைவிட்டு, எரிக் பூடிஷ் என்பவரின் கோட்பாட்டை ஒட்டிய கோர்ஸ் மேட்ச் முறைக்கு மாறியது. அதில் மாணவர் ஏலம் கேட்பதில்லை. தன் விருப்பங்களைச் சொன்னால் போதும். ஏறக்குறைய சமமான பட்ஜெட்டை வைத்து, விலையையும் யாருக்கு எது என்பதையும் கணினியே கண்டுபிடிக்கும்.

400 பேர் விடுதிக்கு அந்த அளவு கணினி வேலை தேவையில்லை. பாடம் மட்டும் தேவை: சேர்த்து வைக்கக்கூடிய பாயிண்ட் இருக்கும்வரை, 'உன் மனதில் இருப்பதை அப்படியே எழுது' என்று யாரிடமும் சொல்ல முடியாது. இன்றைய 10 பாயிண்ட் என்பது தேர்வு வாரத்து நாற்காலியில் பாதி. அந்தக் கணக்கு ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஓடும்.

தீபாவளி அவுட்பாஸில் இது நேரடியாக அடித்தது. வகுப்பு நடக்கும் நாள் என்பதால், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாக ஊருக்குப் போக 50 பேருக்கு மட்டும் அனுமதி. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஏலம். ஆனால் ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள்). நெல்லை, பொதிகை, பாண்டியன் எல்லாம் திறந்த சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். டிக்கெட் எடுத்த பெண் ஏலத்தில் தோற்கிறாள். ஏலத்தில் வென்ற பெண்ணிடம் டிக்கெட் இல்லை, கிளாம்பாக்கத்தில் ஆம்னி பஸ்ஸுக்கு இரண்டு மடங்கு கொடுக்கிறாள். காஞ்சிபுரத்துப் பெண் பஸ் ஏறிச் சீக்கிரமே வீட்டில் இருப்பாள், அவளும் இதே ஏலத்தில் போட்டி போட்டாள். எதை ஏலம் விடுகிறோம் என்பதைப்போல எப்போது விடுகிறோம் என்பதும் முக்கியம். இதை யாரும் யோசிக்கவில்லை.

அந்த 25

இப்போது லேட் பாஸுக்கு வருவோம். இந்த நிகழ்வைப் படிப்பவர்கள் பொதுவாக ஸ்டடி ஹாலைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்.

வாஷிங் மெஷின் உண்மையிலேயே பற்றாக்குறை. அறையும் அப்படித்தான். லேட் பாஸ் அப்படியா? அதே வளாகத்தில் ஆண்கள் விடுதிக்கு 10.30 வரை பாஸ் எதுவும் தேவையில்லை. 25 என்பது சாலையின் கொள்ளளவோ கேட்டின் அகலமோ அல்ல. ஒரு காகிதத்தில் எழுதிய எண். பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் வெளியிட்ட சக்ஷம் அறிக்கை, பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அந்த அறிக்கை வந்த பிறகும் 8 மணிக் கேட்டுகள் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன.

ஏலம் வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. முன்பெல்லாம் பாஸ் கிடைக்காதவர்கள் வார்டனைத் திட்டினார்கள், மனு எழுதினார்கள், ஏன் 25 என்று கேட்டார்கள். இப்போது பாஸ் கிடைக்காதவள் "நான் கம்மியா கேட்டுட்டேன்" என்று தன்னையே நொந்துகொண்டாள். செயற்கையான தட்டுப்பாட்டுக்கு விலை போட்டதும் அது இயற்கையானது போலத் தோன்ற ஆரம்பித்தது. சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். நடக்கும் நாளில் விலை உச்சத்துக்குப் போனது. இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம். பறக்கும் ரயிலில் வேளச்சேரி வந்து, அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து 10.30-க்குள் சேர வேண்டுமானால் முதல் இன்னிங்ஸோடு கிளம்ப வேண்டும். பாதி மேட்சுக்கு அத்தனை பாயிண்ட்!

விலை ஏறியதை அலுவலகம் 'திட்டத்துக்கு நல்ல வரவேற்பு' என்று படித்தது. அதைப் புகார் மனுவாகப் படித்திருக்க வேண்டும். வாராவாரம் ஏறிக்கொண்டே போகும் விலை, இந்தப் பொருளை இன்னும் கொஞ்சம் உண்டாக்கு என்று சொல்கிறது. உண்டாக்க ஆகும் செலவு, இரவுக்கு இன்னொரு ஆள் சம்பளம்.

விலையே போடக் கூடாதவையும் இதே ஏலத்தில் கலந்திருந்தன. ரமலான் மாதம் முழுக்க இரவுத் தொழுகைக்குப் போக விரும்பும் பெண் 30 நாளும் ஏலம் கேட்க முடியாது. கம்பெனி நேர்காணல் 7 மணி வரை இழுத்தால் அது அவளுடைய ஆசை அல்ல. டியூஷன் எடுக்கிறவளுக்கு லேட் பாஸ் என்பது வருமானம். ஊர் சுற்றப் போகிறவளோடு இவர்களை ஒரே தராசில் நிறுத்தியது, பாயிண்ட் சமம் என்றால் நியாயம் சமம் என்ற நினைப்பால்தான்.

என்ன செய்யலாம்

பாயிண்ட்டைத் தூக்கி எறிய வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் ஃபீடிங் அமெரிக்கா அமைப்பு 2005 முதல் சுமார் 200 உணவு வங்கிகளுக்கு நன்கொடை உணவைப் பங்கிட இப்படியொரு போலி நாணயத்தை வைத்து ஏலம் நடத்துகிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சேர்ந்து வடிவமைத்த முறை. முன்பு தலைமையகமே முறை வைத்து லாரியை அனுப்பியது. ஏற்கெனவே உருளைக்கிழங்கு குவிந்து கிடக்கும் ஊருக்கே இன்னும் உருளைக்கிழங்கு போய்ச் சேரும். இப்போது ஒவ்வொரு வங்கிக்கும் அதன் பகுதியின் தேவைக்கேற்ப ஷேர் (அந்தப் போலி நாணயத்தின் பெயர்) கிடைக்கிறது. அன்றன்று செலவான ஷேர்கள் அன்றிரவே எல்லா வங்கிகளுக்கும் அதே விகிதத்தில் திரும்பிப் போகின்றன. புதிதாக இஷ்டத்துக்கு அச்சடிப்பதும் இல்லை, செலவானது மறைந்து போவதும் இல்லை.

இதைப் படித்தபோது நம் ஏலச் சீட்டு ஞாபகம் வராமல் இருக்காது. தள்ளிய தொகை கசராகத் திரும்புகிறது, அவ்வளவுதான். 'அந்தப் பாயிண்ட் யாருக்குப் போகும்' என்று கேட்ட பெண்ணுக்குச் சரியான பதில் இது: எல்லோருக்கும் சமமாக. ஒரு வாரம் எல்லா ஏலத்திலும் சேர்த்து 1,200 பாயிண்ட் செலவானால் ஆளுக்கு 3 திரும்பி வரும். மொத்தம் எப்போதும் 40,000. பதுக்கலுக்கு ஒரு தடை தேவை: கையில் 150-க்கு மேல் வைத்திருப்பவருக்கு அந்த வாரம் கசர் கிடையாது. வெகுமதிக்கும் அபராதத்துக்கும் பாயிண்ட்டைத் தொடக் கூடாது. ஆடிட்டோரியம் நிரம்ப வேண்டுமானால் நல்ல பேச்சாளரைக் கூப்பிடட்டும்.

இரண்டு பேர் தங்கும் அறைகளை இதிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் முழுக்க அனுபவிப்பதை வாராந்திர நாணயத்தில் விற்பது பொருந்தாது. அதோடு அது இருவர் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம். ஜோடியாகப் பெயர் கொடுத்துக் குலுக்கல். சென்ற வருடம் கிடைத்தவர்களுக்கு இந்த வருடம் கிடையாது. குலுக்கல் நியாயமா என்று பெற்றோர் கேட்டால், பொறியியல் கவுன்சலிங்கிலேயே மதிப்பெண்ணும் பிறந்த தேதியும் சமமானால் கடைசியில் ரேண்டம் எண்தான் தீர்மானிக்கிறது என்று சொல்லலாம். தீபாவளிக்கு, ஊரின் தூரத்தைப் பார்த்து, ரயில் முன்பதிவு திறக்கும் முன்பே பட்டியல் போட வேண்டும்.

லேட் பாஸுக்கு நேரத்தை ஆண்கள் விடுதிக்குச் சமமாக்குவதுதான் தீர்வு. அதைச் செய்ய நிர்வாகத்துக்கு ஒரு வருடம் பிடிக்கும் என்றால், அதுவரை வேலை, தொழுகை, நேர்காணல், மருத்துவம் எல்லாம் எண்ணிக்கைக்கு வெளியே இருக்கட்டும்.

ஸ்டடி ஹால் எளிது. மெஸ் ஹால் இரவு 9.30-க்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது. தேர்வு மாதத்தில் மேசையைத் துடைத்து, லைட்டைப் போட்டு, விடியும்வரை திறந்து வைத்தால் 150 பேர் உட்காரலாம். ஏ.சி. இருக்காது. ஏப்ரல் மாதத்துக்கு அது கஷ்டம்தான், நாலு பெடஸ்டல் ஃபேன் வாங்க வேண்டியிருக்கும். ஏ.சி. வேண்டும் என்பவர்கள் அந்த 60 நாற்காலிக்குப் பாயிண்ட் கொடுக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. மற்றபடி துணி துவைக்கும் ஏலம் இப்போது இருப்பதைப் போலவே நடக்கலாம். கூடவே பழுதான அந்த இரண்டு மெஷினையும் சரிசெய்தால் ஞாயிறு விலையும் இறங்கிவிடும்.